மஞ்சள் எங்கிருந்து வருகிறது? செங்கண்மாரியின் வகைகளும் காரணங்களும்

கிண்ணியாவில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் அன்றே மூன்று காரியங்கள் நடக்கும். குசினியில் மீனும் எண்ணெயும் நிற்கும். யாராவது ஒருவர் கீழ்க்காய்நெல்லி தேடிப் போவார். தண்ணீர் ஓதி எடுத்து வரச் சொல்லி மூத்தம்மா ஆள் அனுப்புவா. இது எந்த வகைச் செங்கண்மாரி என்ற கேள்வி பெரும்பாலும் ஒரு கிழமை கழித்துத்தான் எழுகிறது. அந்தக் கேள்வியை முதல் நாளுக்குக் கொண்டுவருவதற்காகவே இந்த அத்தியாயம்.

நம் ஊரில் காணும் செங்கண்மாரியில் பெரும்பங்கு தண்ணீராலும் உணவாலும் வரும் வைரசு வகை. அது சில கிழமைகளில் தானாகவே குணமாகும். அந்த நாட்களில் நோயாளிக்கு எதைக் கொடுத்தாலும், குணமாக்கிய பெயர் அதற்கே போய்ச் சேரும். அந்தப் பெயரை நம்பித்தான் பித்தக்குழாயில் கல் அடைத்தவரையும், எலிக்காய்ச்சல் வந்த வயற்காரரையும், பிறந்து ஒரு நாளான பிள்ளையையும் அதே இலைச்சாற்றோடு வீட்டில் வைத்திருக்கிறோம். உயிர் போவது இவர்களிடம்தான். நிறம் எல்லாருக்கும் ஒன்று, காரணம் வேறு வேறு.

மூன்று இடங்கள்

இரத்தத்தின் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அது உடையும்போது அதிலுள்ள சிவப்புச் சத்து மாற்றமடைந்து பிலிரூபின் என்ற மஞ்சள் பொருளாகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 மில்லிகிராம் வரை பிலிரூபின் உண்டாகிறது. முதலில் அது தண்ணீரில் கரையாது. அதனால் சிறுநீரில் வெளியேற வழியில்லை. ஈரல்தான் அதைப் பிடித்து, கரையக்கூடியதாக மாற்றி, பித்தநீரில் விடுகிறது. பித்தக்குழாய் வழியே குடலுக்கு வந்ததும் மலத்துக்கு மண்ணிறம் கொடுப்பதும் இதே பொருள்தான்.

வயல் செய்கிறவர்களுக்கு மிச்சம் சொல்லவே வேண்டாம். குளத்துக்கு வரத்து மிஞ்சலாம், மதகு பழுதாகலாம், மதகுக்குக் கீழே வாய்க்கால் அடைபடலாம். மூன்றிலும் குளம் நிரம்பி வழியும். உடலிலும் அதே மூன்று இடங்கள்தான். சிவப்பணுக்கள் அளவுக்கு மிஞ்சி உடைந்தால் அது ஈரலுக்கு முந்திய செங்கண்மாரி. ஈரலே நோயுற்றால் ஈரல் செங்கண்மாரி. பித்தக்குழாய் அடைபட்டால் அடைப்புச் செங்கண்மாரி. மூன்றுக்கும் மருந்து வேறு, அவசரமும் வேறு.

இரத்தத்தில் பிலிரூபின் டெசிலீற்றருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பது வழமை. 2 அல்லது 3 ஆகும்போது கண் மஞ்சள் தெரியத் தொடங்கும். சில பரிசோதனைக் கூடங்கள் இதையே மைக்ரோமோல் கணக்கில் தருகின்றன. அதில் வழமையான மேல் எல்லை 17 அளவில் இருக்கும். ஓரிடத்து ரிப்போர்ட்டில் 3 என்றும் இன்னோரிடத்தில் 51 என்றும் வந்தால் நோய் ஏறிவிட்டதென்று பதறாதீர்கள். இரண்டும் ஒரே அளவு.

வைத்தியரிடம் போகுமுன் வீட்டில் மூன்று நிறங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது கண்ணின் வெள்ளை. மின்விளக்கில் பார்க்காமல் முற்றத்து வெளிச்சத்தில் பாருங்கள். பூசணி, கரட், பப்பாசி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கை மஞ்சளாகும், ஆனால் கண் வெள்ளையாகவே இருக்கும். அது செங்கண்மாரி ஆகாது. இரண்டாவது சிறுநீர். கடும் பிளேன்டி நிறத்தில் போனால், ஈரல் மாற்றிக் கொடுத்த பிலிரூபின் குடலுக்குப் போகாமல் இரத்தத்துக்குத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கோளாறு ஈரலிலோ குழாயிலோ இருக்கும். கண் மஞ்சளாக இருந்தும் சிறுநீர் பிலிரூபினால் கறுக்கவில்லையென்றால் சிவப்பணு உடைவைச் சந்தேகிக்கலாம். மூன்றாவது மலம். அது மண்ணிறம் இழந்து வெளிறிப் போய், உடம்பெல்லாம் அரிப்பும் இருந்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கக்கூடும். இந்த மூன்றையும் எத்தனையாம் நாளில் கண்டீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோனால் வைத்தியரின் பாதி வேலை முடிந்துவிடும்.

தண்ணீரால் வருவது

ஹெப்படைட்டிஸ் ஏ, ஹெப்படைட்டிஸ் ஈ என்ற இரண்டு வைரசுகளும் நோயாளியின் மலத்தில் வெளியேறி இன்னொருவரின் வாய்க்குப் போய்ச் சேருகின்றன. கேட்கவே அருவருப்பாக இருக்கும். ஆனால் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே நம் ஊரில் நடப்பது இதுதான். கடலும் கழியும் சூழ்ந்த மணற்பாங்கான நிலம். தோண்டினால் சில அடியில் தண்ணீர். மாரி காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும்போது மலக்குழித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாகிவிடும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வதன் காரணம் இது. நம் காணிகள் வாரிசுகளுக்குப் பங்கு பிரித்துப் பிரித்துச் சிறுத்துவிட்டன என்பது உண்மை. உங்கள் காணிக்குள் 50 அடி இருந்தாலும் வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மலக்குழி 10 அடியில் இருக்கலாம். வேலிக்கு இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து பேசித்தான் இதைத் தீர்க்க வேண்டும்.

ஹெப்படைட்டிஸ் ஏ வைரசு உடலுக்குள் போய் 15 முதல் 50 நாட்களுக்குள், சராசரியாக நாலு கிழமையில், நோயைக் காட்டும். முதலில் காய்ச்சல், சத்தி, சோற்றைக் கண்டாலே ஓங்காளம், வலது விலாவுக்குக் கீழே பாரம். கண் மஞ்சளாகும்போது காய்ச்சல் பெரும்பாலும் விட்டிருக்கும். கவனிக்க வேண்டிய சேதி இது: கண் மஞ்சளாவதற்கு ஏறத்தாழ இரண்டு கிழமை முன்பிருந்தே அவர் மலத்தில் வைரசு வெளியேறிக்கொண்டிருக்கும். மஞ்சளான பின் ஒரு கிழமையில் அது பெரிதும் குறைந்துவிடும். ஆக, பாத்திரத்தைப் பிரித்து வைக்கும் நாளில் வீட்டார் பலர் ஏற்கனவே நனைந்திருப்பார்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. சாதாரண வயிற்றுக்கோளாறுபோல வந்து போகும். ஆனால் அவர்களின் கையும் கழிவும் வீட்டுக்குள் நோயைக் கொண்டு திரியும். பிள்ளையைக் கழுவிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதற்கு ஈடான மருந்து இந்த நோய்க்கு இல்லை. வெறும் தண்ணீரில் கழுவினால் கை துப்புரவாகத் தெரியும், வைரசு போகாது.

நெருக்கடியில் இந்த நோய் எப்படிப் பெருகும் என்பதை நம் நாடு 2009இல் கண்டது. போர் முடிந்த அந்த ஆண்டு வவுனியா மாவட்டத்தின் மெனிக் ஃபாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்தபோது ஹெப்படைட்டிஸ் ஏ பரவியது. அளவோடு தண்ணீர், வரிசையில் நின்று பாவிக்கும் மலசலகூடம், கழுவ வசதியில்லாத கை. வேறொன்றும் தேவைப்படவில்லை. நம் பக்கத்தில் வெள்ளம் வந்து பாடசாலைகளில் சனம் தங்கும் ஒவ்வொரு முறையும் அதே மூன்றும் ஒன்றுசேருகின்றன.

ஹெப்படைட்டிஸ் ஈ பற்றிய பெரிய பாடம் டெல்லியில் கிடைத்தது. 1955 டிசம்பரில் தொடங்கி 1956 ஜனவரி வரை அங்கே 29,000 பேருக்கு மேல் கண் மஞ்சளானது. யமுனையில் கழிவுநீர் புகுந்து குடிநீர் எடுக்கும் இடம்வரை ஏறியிருந்தது. நிலைமையைக் கண்டு அதிகாரிகள் குளோரினைக் கூட்டினார்கள். தைபொயிட் கூடவில்லை, ஆனால் செங்கண்மாரி பரவியது. அது ஏ வகையாக இருக்குமென்றே நெடுங்காலம் நினைத்தார்கள். சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோதுதான் அது வேறு வைரசு என்று தெரிந்தது. நமக்கு இதில் ஒரு சேதி உண்டு. கிணற்றுக்குக் குளோரின் தூள் போடுவது அவசியம், ஆனால் மலக்கழிவு கலந்துகொண்டே இருக்கும் தண்ணீரை அது மட்டும் காப்பாற்றாது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். நன்றாகக் குமிழிவிட்டுக் கொதித்து ஒரு நிமிடம் கழிந்தால் இந்த வைரசுகள் செத்துவிடும். குழாய்த் தண்ணீர் வரும் வீட்டிலும் தாங்கியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கர்ப்பிணிக்கு வரும் செங்கண்மாரியை எந்தக் காரணத்துக்காகவும் ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஹெப்படைட்டிஸ் ஈ மற்றவர்களிடம் பெரும்பாலும் சாதுவாக வந்து போகும். கடைசி மூன்று மாதங்களில் உள்ள கர்ப்பிணிகளிடம் அது நூற்றில் 20 முதல் 25 பேர் வரை உயிரெடுக்கக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்ப காலத்துக்கே உரிய வேறு ஈரல் நோய்களும் இதே மஞ்சளோடு வரும். கண் மஞ்சளோ, கை கால் பொறுக்க முடியாத அரிப்போ கண்ட அன்றே ஆஸ்பத்திரி.

உணவில் இரண்டு விடயம் சொல்ல வேண்டும். கழியில் எடுக்கும் மட்டி தண்ணீரை வடிகட்டி உண்ணும் உயிர். கழிவுநீர் கலந்த இடத்தில் வளர்ந்தால் வைரசை உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். 1988இல் சீனாவின் ஷாங்காய் நகரில் சரியாக வேகாத மட்டியால் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்கு ஹெப்படைட்டிஸ் ஏ வந்தது. ஓடு திறந்ததும் இறக்கிவிடாமல் நன்றாக வேகவிடுங்கள். மற்றது ஐஸ். மீனுக்கென்று உடைக்கும் ஐஸ் கட்டி குடிநீரில் செய்யப்பட்டது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நோன்பு காலத்தில் சர்பத்திலும் பலூடாவிலும் அது விழுந்தால் அடுத்த மாதம் ஊரில் கண்கள் மஞ்சளாகும். நோன்புக் கஞ்சி கொதித்து இறங்குவது, அதில் பயமில்லை. கண் மஞ்சளானவர் ஒரு கிழமையாவது ஒரே தட்டில் கூடி உண்ணும் சஹனில் மற்றவர்களோடு அமர வேண்டாம். சமையலும் செய்ய வேண்டாம். பிள்ளையென்றால் மஞ்சள் கண்டு ஒரு கிழமை கழியும்வரை பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம்.

வயலால் வருவது

காய்ச்சல் விடாமல் காயும்போதே கண் மஞ்சளானால் முதலில் எலிக்காய்ச்சலை நினையுங்கள். வைரசுச் செங்கண்மாரியில் மஞ்சள் வரும்போது காய்ச்சல் தணியும், இதில் தணியாது. கூடவே கெண்டைக்காலைத் தொட முடியாத நோவு, கண் வெள்ளையில் மஞ்சளோடு இரத்தச் சிவப்பு, சிறுநீர் குறைந்துபோதல். லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரிலும் மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் வெளியேறி, சேற்றுத் தண்ணீரில் கிடந்து, காலிலுள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியே உள்ளே போகும். நோய் காட்ட பொதுவாக 5 முதல் 14 நாட்கள். வயல், மாட்டுப்பட்டி, விறகு வெட்டு, வெள்ளத்தில் நடத்தல் என்று நம்மவர்கள் செய்யும் தொழில் எல்லாவற்றிலும் இந்தச் சேறு உண்டு.

2008இல் இலங்கையில் 7,000க்கும் அதிகமானோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்துடன் பதிவானார்கள், ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். இவர்களில் பலர் வீட்டைச் சுமந்து நின்ற உழைப்பாளிகள். இந்த நோய்க்குப் பெனிசிலின் போன்ற சாதாரண மருந்துகள் வேலை செய்யும். நேரம்தான் பிரச்சினை. சிறுநீரகம் பழுதாகி, நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கிய பின் வந்தால் பெரிய ஆஸ்பத்திரியும் திணறும். தடுப்பதற்கு வழி இருக்கிறது. வயல் வேலை தொடங்கும் காலத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்கிளின் குளிசை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பின். கர்ப்பிணிகளுக்கு இது ஏற்றதல்ல. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், கேட்காவிட்டாலும், “வயலில் இறங்கினேன்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இரத்தத்தால் வருவது

ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டும் சத்தமில்லாத நோய்கள். கண் மஞ்சளாகாமலே பல்லாண்டு ஈரலில் தங்கி, ஈரல் இறுகலுக்கும் புற்றுநோய்க்கும் கொண்டுபோகும். நம் இளைஞர்கள் பலருக்கு இது தெரியவருவது மத்திய கிழக்குக்குப் போவதற்கான மருத்துவச் சோதனையில். விசா போய்விட்டதே என்ற துக்கத்தில் ரிப்போர்ட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அந்தத் துண்டு உங்கள் உயிரைக் காக்க வந்தது. அதை எடுத்துக்கொண்டு வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குப் போங்கள். பி வகையை மருந்தால் கட்டுப்படுத்தி வைக்கலாம். சி வகையை இப்போது 8 முதல் 12 கிழமைக் குளிசையில் நூற்றில் 95 பேருக்கு முற்றாகக் குணமாக்கலாம். இந்த நோயுள்ளவருடன் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ, கைகொடுப்பதாலோ, பக்கத்தில் நின்று தொழுவதாலோ இது தொற்றாது. இரத்தத்தாலும், உடலுறவாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும்தான் தொற்றும்.

சலூனில் பிளேடு புதிதாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஹஜ், உம்றாவில் தலை மழிக்கும்போதும் அப்படியே. ஒரே கத்தி பலர் தலையில் ஓடக் கூடாது. சுன்னத்து, ஹிஜாமா, காது குத்தல் எதுவானாலும் ஒருவருக்குப் பாவித்த கூரான பொருள் கிருமி நீக்காமல் இன்னொருவரைத் தொடக் கூடாது. இலங்கையில் குழந்தைகளுக்கான பி தடுப்பூசி 2003இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 2008 முதல் இரண்டு, நாலு, ஆறாம் மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசிக்குள் அது இருக்கிறது. தடுப்பூசி திட்டத்தில் சேருமுன் பிறந்தவர்கள் தனியே போட்டுக்கொள்ள வேண்டும். தாய்க்கு பி இருந்தால் பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் பிள்ளைக்கு ஊசி போட வேண்டும். குழந்தைப் பருவத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடும். வளர்ந்தபின் தொற்றினால் இருபதில் ஒருவருக்குத்தான் நிலைக்கும்.

மருந்தாலும் கொழுப்பாலும்

2017 மார்ச்சில் டெங்கு கிண்ணியாவை உலுக்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. டெங்கு ஈரலையும் தாக்கும். அந்த நேரத்தில் காய்ச்சல் விடவில்லையென்று இரண்டிரண்டாக மணிக்கொரு தரம் பனடோல் விழுங்கினால், நோயோடு மருந்தும் சேர்ந்து ஈரலைக் கருக்கும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் ஒருபோதும் இல்லை. உடல் மெலிந்தவருக்கு இன்னும் குறைவு. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பனடோலில் உள்ள அதே பரசிட்டமோல்தான் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

கசநோய் மருந்து எடுப்பவருக்குக் கண் மஞ்சளானால் அன்றே மார்பு நோய் கிளினிக்கில் காட்ட வேண்டும். அவர்கள் மருந்தை நிறுத்தி, ஈரல் தேறியபின் ஒன்றொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தால் கசம் திரும்பி வரும். மதுவால் வரும் ஈரல் நோய் எல்லாருக்கும் தெரிந்தது. மதுவைத் தொடாதவருக்கும் சீனி வருத்தத்தாலும் வயிற்றுப் பருமனாலும் ஈரலில் கொழுப்புப் படிந்து, ஆண்டுகள் கழித்து இறுகும். ராகமையில் நடந்த ஆய்வில் நடுவயதினரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் காணப்பட்டது. இறுகிய ஈரலில் கண் மஞ்சளாவது கடைசிக் கட்டத்தில்தான்.

அடைப்பு

பித்தப்பைக் கல் நழுவி பொதுக் குழாயில் மாட்டினால் மேல்வயிற்றில் கடும் நோவு, பிறகு மஞ்சள், வெளிறிய மலம், அரிப்பு. இதோடு குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும் வந்தால் குழாய்க்குள் சீழ் பிடித்திருக்கிறது. அது மணித்தியாலக் கணக்கில் கொல்லக்கூடியது. இலைச்சாறு கல்லை நகர்த்தாது. ஸ்கேன் செய்து, வாய் வழியே குழாய்க்கருவி விட்டு அல்லது சத்திரசிகிச்சையால் அடைப்பை எடுக்க வேண்டும்.

என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்துவது நோவே இல்லாத அடைப்பு. ஐம்பது தாண்டிய ஒருவருக்கு நோவில்லாமல், காய்ச்சலில்லாமல், கிழமைக்குக் கிழமை மஞ்சள் ஏறி, உடல் மெலிந்து வந்தால் கணையத்தின் தலையிலோ குழாயிலோ கட்டி இருக்கக்கூடும். நோவு இல்லாததால் வீட்டார் அமைதியாக இருப்பார்கள். “பத்தியம் பிடித்தால் சரியாகும்” என்பார்கள். சத்திரசிகிச்சைக்கு வாய்ப்பிருக்கும் காலம் அந்தப் பத்தியத்தில் கழிந்துவிடும்.

ஈரலுக்கு முந்தியது, ஆபத்தில்லாதது

முன்னொரு காலத்தில் திருகோணமலைப் பக்கம் சிவப்பணு உடைவுக்கு மலேரியாவே பெரிய காரணம். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழித்த நாடாக அறிவித்தது. இப்போது பரம்பரைக் காரணங்கள்தான் மிச்சம்: தலசீமியா, ஜி6பிடி என்ற நொதிக் குறைவு. இந்த நொதி குறைந்தவர்களுக்குச் சில மருந்துகளும், துணிப்பெட்டியில் போடும் நப்தலீன் உருண்டையின் ஆவியும்கூடச் சிவப்பணுவை உடைக்கும். குழந்தையின் துணியோடு அந்த உருண்டையைப் போடாதீர்கள். குடும்பத்தில் தலசீமியா இருந்தால், சொந்தத்துக்குள் கலியாணம் பேசுமுன் இருவரும் இரத்தம் சோதித்துக்கொள்வது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

ஒவ்வொரு றமழானிலும் கண் லேசாக மஞ்சளாகி, பெருநாள் கழிந்ததும் தெளிகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். கில்பேர்ட் என்ற இந்தப் பிறவித் தன்மை நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு உண்டு. பட்டினியில் பிலிரூபின் சற்றே ஏறும். ஈரல் நலமாகவே இருக்கும், மருந்து வேண்டாம். ஒருமுறை சோதித்து உறுதி செய்தால் போதும். உண்மையான ஈரல் நோயில் கிடப்பவர் நோன்பு பிடித்து உடலை வருத்த வேண்டியதில்லை. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது, தேறியபின் களாச் செய்யலாம்.

பிறந்த பிள்ளை

நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் முதல் கிழமையில் கொஞ்சம் மஞ்சளாகும். ஈரல் இன்னும் வேலைக்குப் பழகவில்லை என்பதுதான் காரணம். இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, ஐந்தாம் நாளளவில் உச்சமாகி, இரண்டு கிழமைக்குள் தணியும். இந்தக் கணக்குக்கு வெளியே போகும் மஞ்சள் எல்லாம் பயப்பட வேண்டியது.

பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் தாயின் இரத்த வகையும் பிள்ளையின் இரத்த வகையும் ஒவ்வாமல் சிவப்பணு உடைந்துகொண்டிருக்கலாம். பிலிரூபின் மிக ஏறினால் மூளைக்குள் படிந்து, உயிர் தப்பினாலும் செவிட்டுத்தன்மையும் வலிப்பும் கை கால் முறுக்கமும் ஆயுளுக்கும் நிற்கும். நம் வீடுகளில் தாயையும் பிள்ளையையும் நாற்பது நாள் வெளிச்சம் குறைந்த அறையில் வைக்கிறோம். அந்த இருட்டில் மஞ்சள் தெரியாது. முதல் கிழமையில் தினமும் ஒருமுறை பிள்ளையை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நெற்றியையும் நெஞ்சையும் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் மஞ்சளாக இருந்தாலும், மஞ்சள் முகத்திலிருந்து வயிறு, கால் என்று இறங்கினாலும், பிள்ளை பால் குடிக்காமல் தூங்கியே கிடந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போதும் பிள்ளையை வெளிச்சத்திலேயே காட்டுங்கள்.

சீனித் தண்ணீரோ குளுக்கோசோ மஞ்சளைக் கழுவாது. தாய்ப்பாலை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுத்தால் பிள்ளை மலம் கழிக்கும், அதனோடு பிலிரூபினும் போகும். காலை வெயிலில் காட்டும் பழக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது. 1956இல் இங்கிலாந்தின் றொச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் வார்ட் என்ற தாதி பிள்ளைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்திருப்பதை வைத்தியர்கள் கவனித்தார்கள். அதிலிருந்துதான் நீல ஒளி விளக்குச் சிகிச்சை பிறந்தது. ஆனால் ஏறிவிட்ட மஞ்சளை இறக்கும் அளவு ஒளியை வெயிலில் பாதுகாப்பாகக் கொடுக்க முடியாது. ஆஸ்பத்திரியில் விளக்கு வேண்டும் என்று சொன்னால் விளக்குத்தான்.

இரண்டு கிழமை கழிந்தும் மஞ்சள் நிற்கிறது, மலம் வெளிறியிருக்கிறது என்றால் பித்தக்குழாய் பிறவியிலேயே அடைபட்டிருக்கலாம். ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மொரியோ கசாய் கண்டுபிடித்த சிகிச்சை இதற்கு உண்டு. அறுபது நாளைக்குள் செய்தால்தான் நல்ல பலன். நாற்பது கழியட்டும் என்று இருந்தால் கையில் மிஞ்சுவது இருபது நாள்.

கீழ்க்காய்நெல்லியும் பத்தியமும்

இந்த இலையை நான் இகழவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜன் குழுவினர், ஹெப்படைட்டிஸ் பி வைரசைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து இதை ஆராய்ந்து, 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இலை கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து பி வைரசின் அடையாளம் மறைந்ததாகச் சொன்னது அந்த ஆய்வு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று எந்த நாட்டு ஈரல் நிபுணரும் அதை நம்பி பி நோயாளியை விடுவதில்லை. வைரசு வகை என்று உறுதியாகி, வைத்தியருக்கும் சொல்லிவிட்டுக் குடித்தால் அதைத் தடுத்து நான் சண்டை பிடிக்க மாட்டேன். பெயர் தெரியாத கலவைச் சூரணங்களும் கண்ணில் விடும் சாறும் சூடு போடுவதும் வேண்டவே வேண்டாம். சில சூரணங்களே ஈரலை எரித்துச் செங்கண்மாரியைக் கொண்டுவரும். ஓதிக் குடிப்பவர்கள் கொதித்தாறிய தண்ணீரை எடுத்துச் சென்று ஓதிக்கொள்ளுங்கள்.

பத்தியம் என்று மீன், முட்டை, எண்ணெய், உப்பு எல்லாவற்றையும் நிறுத்தினால் ஈரல் தன்னைப் புதுப்பிக்கச் சத்தில்லாமல் போகும். ஓங்காளம் இருக்கும் நாட்களில் எண்ணெய் பிடிக்காது, அப்போது கஞ்சி, பழம், இளநீர். பிடிக்கத் தொடங்கியதும் மீனும் சோறும் வழமைபோல.

எப்போது ஓட வேண்டும்

செங்கண்மாரிக்காரர் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், பேச்சுத் தடுமாறினால், பெயர் மறந்தால், மூக்கிலோ முரசிலோ இரத்தம் கசிந்தால், சத்தி நிற்காவிட்டால் ஈரல் செயலிழக்கத் தொடங்கியிருக்கிறது. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மிதவைப்பாதைக்குக் காத்துக் கிடந்த இரவுகள் முடிந்து, 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தாயிற்று. கிண்ணியா தள வைத்தியசாலையிலிருந்து திருகோணமலைக்கு அனுப்ப வேண்டுமென்றால் உடனே சம்மதியுங்கள். ஆஸ்பத்திரியில் பிலிரூபின் எண்ணை மட்டும் கேட்காமல், இரத்தம் உறையும் நேரம் எப்படி என்று கேளுங்கள். ஈரலின் உண்மையான பலம் அதில்தான் தெரியும்.

வைரசுச் செங்கண்மாரியும் எலிக்காய்ச்சலும் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்கள். உங்கள் பெயர் ஆஸ்பத்திரியில் பதிவானதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவார். வெட்கப்பட்டு வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். கிணற்றைக் காட்டுங்கள், மலக்குழியைக் காட்டுங்கள், ஒரு மாதத்துக்குள் சாப்பிட்ட கலியாண வீடுகளையும் குளிர்பானக் கடைகளையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். ஒழுங்கையில் இன்னும் யாருக்குக் கண் மஞ்சள் என்பதையும் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளம் வடிந்த கிணறானால் முழுவதும் இறைத்து, சேறு எடுத்து, அவர் சொல்லும் அளவுக்குக் குளோரின் தூள் போட்டு, அதன் பிறகும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.